அரைச் சுற்று இடைவெளி

முப்பது வருடம் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, எது இடுப்பு, எது வயிறு என்று என் அளவு டேப்பே குழம்பிப்போன காலம் அது. சர்க்கரை வேறு சேர்ந்துகொண்டது. டாக்டர் கண்டிப்பாக நடக்கச் சொல்லிவிட்டார். விடிந்ததும் நகராட்சி மைதானத்துக்குப் போக ஆரம்பித்தேன். நான் நடந்ததை நடை என்று சொன்னால் நடைக்குத்தான் அவமானம். மற்றவர்கள் இரண்டு சுற்று முடிப்பதற்குள் நான் ஒன்று முடிப்பேன். அங்கே நடக்கிற எல்லோரும் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டும்போது அவர்கள் பேச்சில் ஒரு துண்டு என் காதில் விழும். எனக்கு இந்தக் கதை தெரிந்தது அப்படித்தான்.

அங்கே நான்கு பேர் ஒன்றாக நடப்பார்கள். நான்கு பேரும் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். ஒருவர் லாரி ஓட்டியவர், ஒருவர் மெஸ்ஸில் சமைத்தவர், மூத்தவர் காயத்துக்குக் கட்டுப் போட்டவர். டிரைவர், குக், கம்பவுண்டர் என்றுதான் அவர்களைக் கூப்பிடுவோம். நான்காமவர் சார்ஜன்ட். தெருவில் அவரை மரியாதைக்காக மேஜர் என்பார்கள். அவர் நின்று, மேஜர் இல்லை, சார்ஜன்ட் என்று திருத்திவிட்டுத்தான் நகர்வார். பால் வாங்கப் போன இடத்திலும் திருத்துவார். பால்காரருக்கு அலுத்துப்போய், கடைசியில் அவரை வெறும் சார் ஆக்கிவிட்டார்.

நான்கு பேரும் நூல் பிடித்த மாதிரி ஒரே வரிசையில், ஒரே காலடியில் போவார்கள். அவர்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. நடையில் அரசியல் பேசக்கூடாது. முன்பு ஒரு தேர்தல் சமயத்தில் டிரைவரும் குக்கும் வாய்ச்சண்டை போட்டு மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். நடுவில் மாட்டிக்கொண்டு திண்டாடிய சார்ஜன்ட்தான் இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தார். முறைப்படி கை தூக்கச் சொல்லி, நான்கு கையும் உயர்ந்த பிறகுதான் அமலுக்கு வந்ததாம்.

ஒருமுறை திரைத்துணிக்கு அளவெடுக்க அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டே அறை. கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம் கிடையாது. சாப்பாட்டு மேஜைக்கு இரண்டு நாற்காலி. ஒன்றின் மேல் பழைய செய்தித்தாள்களை அடுக்கி வைத்திருந்தார். அதில் உட்கார ஆள் இல்லை. மனைவி போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. மகள் தூர தேசத்தில். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன் வரும். நான் ஜன்னலை அளந்துகொண்டிருந்தபோது, நான் கேட்காமலே சொன்னார்.

"காலையில மைதானத்துல ஒரு மணி நேரம் பேசுறேன் பாருங்க டெய்லர், அதோட அன்னிக்குப் பேச்சு முடிஞ்சிடும்."

ஜன்னலை மறுபடியும் அளந்தேன்.

அவர் அரசியலுக்குப் போனது ஒரு பேருந்து நிழற்குடையால். எங்கள் வார்டு மெம்பர் தன் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு ஒரு நிழற்குடை கட்டினார். பெயருக்கு இடம் பார்த்தாரே தவிர பேருந்துக்குப் பார்க்கவில்லை. பேருந்து நிற்பது அதற்கு இருநூறு அடி தள்ளி. நிழலில் நிற்கிறவர்களுக்கு பஸ் கிடைக்காது, பஸ் வேண்டுமென்றால் வெயிலில் காய வேண்டும். சார்ஜன்ட் பதினொரு மனு எழுதினார். பதினோராவது மனுவோடு போனபோது, இவ்வளவு சட்டம் பேசுகிற நீங்களே தேர்தலில் நிற்கலாமே என்று நகராட்சி ஆபீஸ் குமாஸ்தா எரிந்து விழுந்திருக்கிறார். கிண்டலுக்குச் சொன்னது. சார்ஜன்ட் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டார். அந்த வாரமே, எந்தக் கட்சியும் இல்லாமல், தனி ஆளாக வேட்புமனு போட்டுவிட்டார்.

மறுநாள் காலை நான்கு பேரும் மைதான வாசலில் கூடினார்கள். நான் பக்கத்தில் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன்; என் வயிற்றுக்கு அது நீண்ட வேலை, அதனால் எல்லாம் கேட்டது.

"நான் இனிமே உங்களோட நடக்கக்கூடாது," என்றார் சார்ஜன்ட்.

டிரைவர் சிரித்தார். "ஏன்டா, கால் வலியா?"

"மனு போட்டுட்டேன்ல. இனிமே நான் வாயத் தொறந்தா அரசியல். உங்க பக்கத்துல நடந்தாலே அரசியல். சட்டம் எனக்கும்தான்." கொஞ்சம் நிறுத்திவிட்டு இன்னொன்றும் சொன்னார். "உங்ககிட்ட ஓட்டும் கேக்கமாட்டேன். நான் கேட்டா உங்களால இல்லைன்னு சொல்ல முடியாது. அப்படி வர்றது ஓட்டே இல்ல."

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, வேறு வழியில்லாமல் நடக்க ஆரம்பித்தார்கள். அவர்கள் மைதானத்தின் எதிர்ப்பக்கம் போய்ச் சேரும்வரை சார்ஜன்ட் வாசலிலேயே நின்றார். அதன் பிறகு புறப்பட்டார். பட்டாளத்துக் கால்கள் எல்லாம் ஒரே வேகம். அவர்கள் முன்னால் அரைச் சுற்று, இவர் பின்னால் அரைச் சுற்று. எத்தனை சுற்று போனாலும் அந்த இடைவெளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பிரசாரத்துக்கு போட்டோ எடுக்க ஒரு சட்டை வேண்டுமென்று என் கடைக்கு வந்தார். யூனிபார்மில் மெடலெல்லாம் குத்திக்கொண்டு நின்றால் ஓட்டு கொட்டுமே என்று நான் வாயைக் கொடுத்தேன். அவர் கோபப்படவில்லை.

"அத போட்டிருந்தப்ப நான் எல்லாருக்கும் பொதுவா நின்னேன். இப்ப ஒரு பக்கத்து ஆளா நிக்கிறேன். அத மாட்டிக்கிட்டு நின்னா, எதிர்ல நிக்கிறவர் எதிரி ஆயிடுவார். அவரும் நம்ம ஊர்க்காரர்தானே."

சாம்பல் நிறத்தில் ஒரு சாதாரணச் சட்டை தைத்துக் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனார். கூட ஒருவரும் இல்லை. நிழற்குடையை நகர்த்துவேன், தெருவிளக்கை எரிய வைப்பேன், மற்றதெல்லாம் முயற்சி செய்வேன் என்று மூன்றே வாக்கியம். எதிர் வேட்பாளரைப் பற்றி ஒரு சொல் கிடையாது. வார்டில் மூன்று வீட்டை மட்டும் விட்டுவிட்டார். டிரைவரின் மனைவி அவர் வருவாரென்று வாசலில் காத்திருந்தார். சார்ஜன்ட் ரோட்டில் நின்றே கும்பிட்டுவிட்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார். அந்தம்மா என் கடையில் வந்து, நாங்கள் அவருக்கு என்ன கெடுதல் செய்தோம் என்று கண் கலங்கினார்.

இதற்கிடையில் எனக்கு ஒரு சங்கடம். சார்ஜன்ட் பிரிந்த இரண்டாம் நாளிலிருந்தே, என்னைத் தாண்டிப் போகும் மூவரும் அரசியலைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. எந்தத் தெருவில் அவனுக்கு விழும், எந்தத் தெருவில் விழாது, போஸ்டரில் எழுத்து ஏன் இவ்வளவு சின்னது என்று ஓயாத பேச்சு. அந்தச் சாம்பல் சட்டை அவனுக்குப் பொருந்தவே இல்லை என்று என் காதுபடவே சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, சட்டைக்காக மட்டும் இல்லை. அவர் ஒருவர் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தனியாகச் சுற்றுகிறார், இவர்கள் அவர் தலை மறைந்ததும் காற்றில் பறக்கவிட்டுவிட்டார்களே என்று நினைத்தேன்.

ஒருநாள் சார்ஜன்ட் என்னைத் தாண்டும்போது வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, மூன்று பேரும் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்டார். உண்மையைச் சொன்னால் மனிதர் உடைந்துபோவார் என்று எனக்குப் பட்டது.

"என்ன சார் பேசப்போறாங்க, மூட்டு வலிதான்," என்றேன்.

"நல்லது. சட்டத்தக் காப்பாத்துறாங்க," என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து நடந்தார். நல்ல காரியம் செய்த திருப்தி எனக்கு.

அறுபத்தொரு ஓட்டில் ஜெயித்தார். அந்த மூன்று வீட்டு ஓட்டு யாருக்கு விழுந்ததென்று அவர் விசாரிக்கவே இல்லை. முடிவு வந்த மறுநாள் காலை வழக்கம்போல வாசலில் நின்று, மூவரும் எதிர்ப்பக்கம் போகும்வரை காத்திருந்தார். தேர்தல்தான் முடிந்துவிட்டதே, இனி சேர்ந்து நடக்கலாமே என்றேன். இப்போதுதான் முழு அரசியல்வாதி ஆகியிருக்கிறேன் என்று பதில் சொன்னார். பதவிக்காலம் ஐந்து வருடம்.

நிழற்குடையை நகர்த்த ஒன்றரை வருடம் பிடித்தது. பழைய பெயரை அழித்தவர் தன் பெயரை எழுதவில்லை, பேருந்து எண்களை எழுதினார். விளக்குகள் எரிந்தன. குடிநீர்க் குழாய் விஷயத்தில் தோற்றுப்போனார். கூட்டத்தில் அவருக்குக் கைதூக்க யாரும் இல்லை. அதையும் வீடு வீடாகப் போய், என்னால் முடியவில்லை என்று சொல்லிவிட்டு வந்தார். அதைச் சொல்வதற்கென்று அதற்கு முன்னால் ஒரு மெம்பரும் எங்கள் தெருவுக்கு வந்ததில்லை.

இரண்டாம் வருடம் குக் மகனோடு வேறு ஊருக்குப் போனார். கிளம்பும் நாள் மைதான வாசலில் சார்ஜன்ட் கையைக் குலுக்கினார். அவ்வளவுதான். நான்காம் வருடம் கம்பவுண்டர் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். வீட்டிலிருந்து வண்டிவரை தூக்கிப் போக, தலைப்பக்கம் டிரைவர் ஒரு மூலை, சார்ஜன்ட் ஒரு மூலை. காலடி மாறாமல் நடந்தார்கள். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு மைதானத்தில் அந்த நால்வரில் இருவர்தான் மிச்சம். அந்தப் பக்கம் ஒரு கிழவர் தனியாக, இந்தப் பக்கம் ஒரு கிழவர் தனியாக. டிரைவருக்கு முழங்கால் கெட்டு, கைத்தடியோடு வேகம் குறைந்தது. சார்ஜன்டும் தன் வேகத்தைக் குறைத்தார். இருவரையும் பிடித்து உலுக்க வேண்டும்போல இருக்கும். ஆனால் நான் ஏற்கெனவே ஒரு பொய் சொல்லியிருந்தேன். நான்கு வருடத்துக்கு முந்தின தையலைப் பிரித்தால் துணியும் சேர்ந்து கிழியும் என்று பயந்தேன்.

ஐந்து வருடம் முடிந்தது. மறுபடி நிற்கச் சொல்லி ஜனங்கள் கேட்டார்கள். போட்டியே இருக்காது என்றார்கள். மறுத்துவிட்டார். ஏன் சார் என்று கேட்டேன்.

"போதும் டெய்லர். ரொம்பத் தனியா இருந்துட்டேன்."

பதவி முடிந்த மறுநாள், எனக்கு முன்னாலேயே வந்து வாசலில் நின்றார். முகச்சவரம் செய்து, துவைத்த சட்டை போட்டிருந்தார். டிரைவர் தடியை ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"இன்னிக்கு நான் மெம்பர் இல்ல," என்றார் சார்ஜன்ட். "சேந்து வரலாமா?"

"வாடா. இதுக்கு எதுக்கு அனுமதி?"

நானும் சேர்ந்துகொள்ள, மூவரும் நடந்தோம். டிரைவரின் காலுக்கு இப்போது என் வேகம்தான். சார்ஜன்ட் டிரைவரிடம், ஐந்து வருடமும் அவர்கள் சட்டத்தைக் காப்பாற்றியது தனக்குப் பெரிய தெம்பாக இருந்தது என்றார்.

டிரைவர் நின்றுவிட்டார்.

"எந்தச் சட்டம்டா? அத நீ போன அன்னிக்கே எடுத்தாச்சு. அந்தா, அந்த மூலையிலயே மூணு பேரும் கையத் தூக்கினோம். மொதல்ல தூக்கினது கம்பவுண்டர்."

"எதுக்கு எடுத்தீங்க?"

"நீ திரும்பி வர்றதுக்குத்தான்."

சார்ஜன்டும் நின்றார். "எனக்கு ஏன் சொல்லல?"

"தேர்தல் சமயத்துல உன்னக் கூப்பிட்டா, பட்டாளத்துக்காரனுங்க கூட்டுச் சேந்துட்டாங்கன்னு உனக்குக் கெட்ட பேர் வரும். ஜெயிச்சப்புறம் கூப்பிட்டா, காரியம் ஆகணும்னு வந்து நிக்கிறோம்னு ஆயிடும். நீயா ஒரு நாள் வந்து கேப்பேன்னு பாத்தோம். நாங்க வேற என்னத்தப் பேசினோம், தினமும் உன்னப் பத்தித்தான். இந்த டெய்லருக்குத் தெரியுமே, எல்லாத்தயும் கேட்டுக்கிட்டுத்தான் வருவார்."

சார்ஜன்ட் என்னைப் பார்த்தார். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. சட்டத்தை மீறுகிறார்கள் என்று நினைத்துத்தான் மறைத்தேன், உங்களுக்கு வலிக்கக்கூடாதென்று மறைத்தேன் என்று உளறினேன். அவர் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். திட்டவில்லை. என்னவெல்லாம் கேட்டீர்கள் என்று மட்டும் கேட்டார்.

நடந்துகொண்டே, ஞாபகம் வந்ததையெல்லாம் ஒப்பித்தேன். போஸ்டர் எழுத்து, சாம்பல் சட்டை, தெருக் கணக்கு, குழாய் விஷயத்தில் தோற்றபோது குக் திட்டிய திட்டு. ஒருநாள் திடீரென்று மழை பிடித்தபோது கம்பவுண்டர் சொன்னதையும் சொன்னேன். ‘அவன் அந்தப் பக்கம் நனையப் போறான், குடை எடுத்துட்டு வந்திருக்கமாட்டான், யாராவது போங்கடா.’ அவர்கள் யார் போவதென்று பேசி முடிப்பதற்குள் சார்ஜன்ட் வாசலைத் தாண்டிப் போயிருந்தார்.

அடுத்த வளைவில் சார்ஜன்ட் என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"கம்பவுண்டர் சொன்னத மட்டும் இன்னொரு தடவ சொல்லுங்க."

சொன்னேன்.