தானாக இறங்கிய படகும் நான் சுமந்துபோன மூன்று வால்வுகளும்

இந்தக் கதையை நீங்கள் ஒருவரும் நம்பமாட்டீர்கள் என்று என் முழங்கால் வலிமேல் ஆணையிட்டுத் தொடங்குகிறேன். போன மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, திருகோணமலைத் துறைமுகப் பக்கம் படகு திருத்தும் செல்வம் எனக்குப் போன் எடுத்தான். படகை உயர்த்தி வைக்கும் அவனது ஹைட்ரோலிக் தூக்கி, மோட்டர் நின்ற பிறகும் தானாக இறங்குகிறதாம்.

"எண்ணெய் ஒழுகாமல் இருக்கிற சீல் ரெண்டு தரம் மாத்தியாச்சு அண்ணை. ஆரும் தொடேல்லை. இது பேய்தான்."

வவுனியாவில் ஹைட்ரோலிக் சாமான் விற்கும் என்னிடம் பேய்க்கும் வால்வு இருக்கும் என்று அவனுக்கு நம்பிக்கை.

மறுநாள் காலை 6.30 பஸ். ஏறத்தாழ 95 கிலோமீற்றர், மூன்று மணித்தியாலம். என் மடியில் மூன்று வால்வுகள். அந்தப் பாரத்தில் பஸ் ஒரு பக்கம் சாய்ந்து ஒரு சில்லில்தான் ஓடியது. 8.40க்குப் பன்குளத்தில் கண்டக்டர் தட்டி எழுப்பினார். "ஐயா, உங்கடை குறட்டையை டிரைவர் ஹோர்ன் எண்டு நினைச்சு வழி விடுறார்."

திருகோணமலை பஸ் நிலையத்தில் ஒரு மான் என் பையை முகர்ந்துவிட்டு, பேயைக் கண்டதுபோல் ஓடியது. செல்வத்தின் படகு யார்டுக்கு மூன்று கிலோமீற்றர், ஆட்டோவுக்கு 300 ரூபாய்.

"வாசலிலை இறக்கிறன் ஐயா. உள்ளுக்கு வரமாட்டன்."

"ஏன் தம்பி?"

"அங்கை கடலுக்கே சத்தம் இல்லை."

உண்மைதான். தண்ணீர் கண்ணாடிபோல் கிடந்தது. காகம்கூட இல்லை. தூக்கியின் லீவரில் பேயை விரட்டக் கட்டிய ஏழு தேசிக்காய்கள் தொங்கின. படகின் அடியில் ஒரு சாப்பாட்டுப் பெட்டி, அப்பளமாக நசுங்கி. பெயின்ற் அடிக்கும் அன்ரன் தள்ளிக் குந்தியிருந்தான்.

"இண்டைக்குக் காலமை எட்டு நாப்பதுக்கு அதுக்கு அடியிலைதான் படுத்திருந்தனான் அங்கிள். நீங்கள் வாசலிலை நிண்டு 'அன்ரன்' எண்டு கூப்பிட்டீங்கள். எழும்பி வந்தனான். திரும்பிப் பாத்தா படகு கீழை. நீங்கள்தானே?"

இல்லையென்று சொன்னால் அவன் இனிமேல் எந்தப் படகுக்கு அடியிலும் போகமாட்டான்.

"ஓம், நான்தான்."

"பிறகு எங்கை போனீங்கள்?"

"தேத்தண்ணி குடிக்க."

முதலில் படகுக்கு மரக்கட்டை முண்டு கொடுத்தோம். இந்த வால்வுகள் இடியப்பத் தட்டுகள்போல் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கப்படுபவை. கீழ்த்தட்டு பாரத்தைப் பிடித்து வைக்கும். மேல்தட்டு எண்ணெய்க்கு வழிகாட்டும். செல்வம் வாங்கியிருந்த மேல்வால்வு, லீவர் நடு நிலையில் நிற்கும்போது எல்லா வழியையும் அடைப்பது. கொஞ்சம் இறக்கிவிட்டு லீவரை விட்டால், இறக்கக் கொடுத்த எண்ணெய் அழுத்தம் இரண்டு தட்டுகளுக்கும் இடையில் சிறைப்பட்டு, கீழ்வால்வைத் திறந்தே வைத்திருக்கும். கை எடுத்த பிறகும் ஒரு கை அமத்திக்கொண்டே இருக்கும். இணைப்பைத் தளர்த்தினேன். எண்ணெய் பெருமூச்சு விட்டது. காற்றில்லாமலே தேசிக்காய்கள் ஆடின.

கொண்டுபோன மூன்றில், நடு நிலையில் இரண்டு வழியையும் எண்ணெய்த் தொட்டிக்குத் திறந்துவிடும் வால்வைப் பூட்டினேன். படகை உயர்த்தி, கொஞ்சம் இறக்கி, முண்டுகளைத் தளர்த்திவிட்டு, சோக்கட்டியால் கோடு போட்டு ஒரு மணி நாற்பது நிமிடம் பார்த்திருந்தோம். மயிரிழையும் அசையவில்லை. முண்டுகளை மீண்டும் இறுக்கிவிட்டு, முதலில் நான் அடியில் படுத்தேன். பிறகு அன்ரன் பக்கத்தில் வந்து படுத்தான்.

வால்வு வாங்கப் போகிறவர்களுக்கு: அடித்தட்டின் துளைகளைக் காகிதத்தில் ஒற்றி எடுத்துப் போங்கள். அடுக்கின் மொத்த உயரத்துக்கு போல்ட் நீளம் அளந்துகொள்ளுங்கள். நடு நிலையில் எந்த வழி திறக்கும் என்று கேட்காமல் வாங்காதீர்கள். எந்த வால்வானாலும் முண்டு இல்லாமல் அடியில் போகாதீர்கள்.

ஒரு சில்லு பஸ், பயந்த மான், ஆடிய தேசிக்காய் எல்லாம் என் கைச்சரக்கு. ஒரு சின்ன விஷயம் மட்டும் உண்மை: 8.40க்கு நான் பன்குளத்தில்தான் இருந்தேன்.