அரபி எண் வைத்த போன்

தென்காசியில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் அலுவலகம். அப்பா பாவூர்சத்திரம் சந்தையில் மூட்டை தூக்குகிறார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே செயலி எழுதுகிறேன். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும், உயரட்டும்.

அந்த வாரம் என் வேலையை நிரந்தரமாக்குவதா என்று முடிவெடுக்க இருந்தார்கள்.

மாத்திரை நேரத்துக்கு மணி அடிக்கும் செயலி அது. நேரத்தைக் கணக்கிடும் பகுதியை நான் மாற்றியிருந்தேன். மாற்றத்தைப் பொதுத் தொகுப்பில் சேர்ப்பதை கமிட் என்போம். நான்கு மணிக்குள் கமிட் செய்தால் அன்று மாலையே எல்லோருடைய போனுக்கும் போய்விடும். மடிக்கணினியில் ஓடியது. ஐபோனிலும் புது ஆண்ட்ராய்டிலும் ஓடியது. பழைய ஆண்ட்ராய்டு மட்டும் பாக்கி. கம்பெனி தந்திருந்த பழைய போன் காலையிலேயே உயிரை விட்டிருந்தது.

"மூணுல ஓடுதுல்ல, ஏத்திவிடும்மா," என்றார் குழுத் தலைவர், சென்னையிலிருந்து. "குற்றாலத்துல சீசனாமே. அருவிக்குப் போகத்தான் இழுக்கிறியா?"

"இன்னும் ஒண்ணுல பாத்துட்டு ஏத்துதேன் சார்."

பக்கத்து வீட்டு அக்காவிடம் ஓடினேன். அவள் கணவர் சவூதியில் இருக்கிறார். தான் வைத்திருந்த பழைய ஆண்ட்ராய்டு போனை அவளுக்குக் கொடுத்தனுப்பியிருந்தார். திரை முழுக்க அரபி.

"தமிழுக்கு மாத்தலையாக்கா?"

"மதரசால அரபி ஓதினவடி நான். உன் இங்கிலீஷவிட இது லேசு. சீக்கிரம் தா, மச்சான் சவூதிலேர்ந்து கூப்பிடுத நேரம்."

இரண்டு நிமிடம் கழித்து அடிக்கும்படி மணி வைத்தேன். அடிக்கவில்லை. மறுபடி வைத்தேன். அப்போதும் இல்லை. நேரமும் 1, 2 என்றில்லாமல் அரபி எழுத்து எண்களில் இருந்தது. என் நிரலுக்கு அந்த எண்களைப் படிக்கத் தெரியவில்லை. பிழை என்றுகூடச் சொல்லாமல் சும்மா இருந்துவிட்டது.

சென்னைக்கு அழைத்துச் சொன்னேன்.

"அந்த போனை எத்தனை பேர் வச்சிருக்கப் போறாங்க? இப்ப ஏத்து, நாளைக்குத் திருத்து."

"எங்க தெருவுலயே இருக்கு சார். மணி அடிக்கலன்னா இன்னைக்கு ராத்திரி மாத்திரைய யாரு ஞாபகப்படுத்துவா?"

"தாமதம்னு உன் பேர்லதான் எழுதுவேன். நிரந்தரம் பண்றதும் என் கையெழுத்துலதான் இருக்கு."

"எழுதுங்க சார்."

போனை வைத்துவிட்டு மடிக்கணினியில் நிரலைத் திருத்தினேன். திருத்தம் ஒரே வரிதான். அதை ஏற்றிப் பார்க்கப் போன நேரத்தில் சவூதியிலிருந்து அழைப்பு வந்தது. அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டாள். ஒழுகும் கூரையைப் பற்றிப் பேச்சு நீண்டது. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"இங்கன ஒருத்தி வாசல்லயே நிக்குதா. உங்க போனுக்கு வைத்தியம் பாக்காளாம்," என்று அவரிடம் சொல்லிச் சிரித்தாள்.

நான்கு மணி தாண்டியது. போன் கைக்கு வந்ததும் திருத்தத்தை ஏற்றினேன்; மணி அடித்தது. அப்போதும் நான் கமிட் செய்யவில்லை. அந்த ஒரு வரி மற்றதைக் கெடுத்திருக்கலாம். வீட்டுக்கு வந்து மூன்றிலும் மறுபடி ஓட்டிப் பார்த்த பிறகே சேர்த்தேன்.

வாரக் கடைசியில் மின்னஞ்சல் வந்தது. நிரந்தரம் மூன்று மாதம் தள்ளிப்போயிருந்தது. காரணம், தாமதம்.

"வேலை போயிட்டாம்மா?" என்று அப்பா கேட்டார்.

"இல்லப்பா. அவங்க நினைச்ச நேரத்துக்கு நான் குடுக்கல."

அடுத்த மாற்றம் காத்திருந்தது. அக்காவிடம் போனைக் கேட்கப் போனேன்.