காலித் தோங்கை நம்பாதவன்

முதல் நாள் எனக்கிருந்த கவலை, முழுகிவிடுவேனோ என்பது. இரண்டாம் நாள் வந்த கவலை, முழுகவே மாட்டேன் என்கிறேனே என்பது.

என் மனைவி அதற்குள் நீச்சல் குளத்தின் அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கோயில் அன்னதானத்தில் இலைக்குக் காத்திருப்பவள் மாதிரி நிதானமாக மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேலே நான் தக்கை மாதிரி ஆடிக்கொண்டிருந்தேன்.

முதுகில், எங்கள் பேச்சில் தோங் என்கிற காற்று சிலிண்டர், இடுப்பில் ஈயக்கட்டிகள் கோத்த பெல்ட், உடம்பில் ரப்பர் உடை. அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவினார். மனைவி கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். ரப்பரைத் தொடாமல் பிழைப்பவன் வீட்டிலேயே நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன். கடைசியில் கழுத்திலிருந்து கணுக்கால் வரை ரப்பருக்குள் போய் மாட்டிக்கொண்டேன். ஆளை மேலே தூக்குவது அந்த உடைதான். அதைக் கீழே அமுக்கத்தான் ஈயம்.

எல்லாம் ஓர் ஆமையால் வந்தது. தொழிற்சாலைத் தோழி ஒருத்தி திரங்கானு பக்கத்துத் தீவு ஒன்றில் கடலுக்கடியில் எடுத்த வீடியோவை என் மனைவியிடம் காட்டியிருக்கிறாள். அதில் ஓர் ஆமை, அவசரமே இல்லாமல், சொந்த வீட்டு வாசலில் நடப்பது மாதிரி போகிறது. அன்று சாயந்திரமே எங்கள் இரண்டு பேர் பெயரையும் முக்குளிப்பு வகுப்பில் சேர்த்துவிட்டு வந்தாள்.

நான் எப்படிப்பட்டவன் என்று அவளுக்குத் தெரியும். இரண்டாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, புந்தோங்கில் மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகச் சமையல் கேஸ் தோங் போடுகிறவன். ஊருக்கெல்லாம் கேஸ் கொடுத்துவிட்டு, சொந்த வீட்டு அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவன்.

எங்கள் கோச் கோலா கங்சார் பெண். என்னைவிட மிகவும் சின்னவள். நான் கோச் என்று கூப்பிடுவேன், அவள் அண்ணே என்பாள். முதல் வகுப்பிலேயே கறாராகச் சொல்லிவிட்டாள்.

“தண்ணி நடுவுல, எதையும் புடிக்காம, கால உதைக்காம, படுத்தாப்ல மிதக்கணும் அண்ணே. கடைசி வகுப்புக்குள்ள அது வரலன்னா கடல்ல இறக்க மாட்டேன். அப்புறம் கோச்சுக்கக் கூடாது.”

சிம்பாங் பூலாய் பக்கமிருந்த அந்தக் குளத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பும்போது மனைவி எனக்கு ஆறுதல் சொன்னாள்.

“உங்களுக்கு வரலன்னா பரவால்லலா. நீங்க போட்ல உக்காந்து நாசி லெமாக் சாப்பிடுங்க. நான் போயி ஆமைய பாத்துட்டு வாரேன்.”

அந்த ஆறுதல்தான் என்னைக் கொன்றது. படகில் உட்கார்ந்து தண்ணீரில் வரும் குமிழிகளையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதில் எந்தக் குமிழி அவளுடையது என்று எனக்கு எப்படித் தெரியும்? நாசி லெமாக் எப்படி இறங்கும்? அவளோடு நானும் கீழே போயே ஆக வேண்டும் என்று அப்போது முடிவு செய்தேன்.

அடுத்த வகுப்பில் இன்னொரு ஈயக்கட்டி கேட்டு வாங்கினேன். பிறகு இன்னொன்று. ஒருவழியாக முழுகினேன். ஆனால் முழுகியதும் நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றேன். தலை மேலே, கால் கீழே. கீழே போய்விடாமல் இருக்கக் காலை உதைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. மேலே வந்ததும் கோச் கேட்டாள்.

“அண்ணே, தண்ணிக்குள்ள சைக்கிள் ஓட்டிக்கிட்டு எங்க போறீங்க?”

“கேஸ் போடப் போறாரு,” என்றாள் மனைவி.

கோச் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினாள். ஈயம் கூடிப்போனால் அதைத் தாங்க, தோங் மாட்டியிருக்கும் ஜாக்கெட்டுக்குள் காற்று அடிக்க வேண்டும். காற்று நெஞ்சைத் தூக்கும், ஈயம் இடுப்பை இழுக்கும், ஆள் நட்டுக்கொள்வான். “உங்களுக்கு இவ்வளவு வேணாம். பாதிய கழட்டுங்க.”

“முடியாது கோச்,” என்றேன். எதிர்த்துப் பேசுகிறவனில்லை நான், ஆனால் இது உயிர் விஷயம். “தோங் காலியானா என்ன ஆவும்? நான் தினமும் தூக்குறேன். கேஸ் நிறைஞ்ச தோங் முதுகை ஒடிக்கும். காலித் தோங்க ஒரு கையில தூக்கி வீசலாம். கீழ இருக்கும்போது இதுவும் அப்படி லேசாயிட்டா நான் ராக்கெட் மாதிரி மேல போயிடுவேன்லா.”

கோச் என்னையே பார்த்தாள். பிறகு குளத்தங்கரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

“இத மனசுல வெச்சுக்கிட்டா இத்தனை நாளா ஈயம் ஈயம்னு கேட்டீங்க? அலாமாக்! அண்ணே, அதுல இருக்கிறது சமையல் கேஸ். இதுல இருக்கிறது வெறும் காத்து. முழு தோங்குக்கும் காலி தோங்குக்கும் ரெண்டு, ரெண்டரை கிலோதான் வித்தியாசம். அதையும் சேத்துத்தான் நான் கணக்குப் போடுறேன்.”

“காத்துக்கு ரெண்டு கிலோ இருக்கா?” என்றேன். எனக்கு உடனே வேறொரு கவலை ஆரம்பித்தது.

“ஆரம்பிச்சிட்டாரு,” என்றாள் மனைவி.

கடைசி வகுப்பில் கோச் வேண்டுமென்றே, முந்தைய வகுப்பில் ஏறக்குறைய தீர்ந்துபோன தோங் ஒன்றை என் முதுகில் மாட்டினாள். ஜாக்கெட்டில் காற்றே இல்லை. சாதாரணமாக மூச்சை இழுத்து நிறுத்தியபோது தண்ணீர் கண்ணளவுக்கு வந்து நின்றது. மூச்சை விட்டதும் மெல்ல இறங்கினேன். ராக்கெட் எதுவும் கிளம்பவில்லை. பெல்ட்டில் பழைய ஈயத்தில் பாதிதான் இருந்தது.

“இத்தனை நாளும் நீங்க முழுகாததுக்குக் காரணம் பயம்,” என்றாள் கோச். “நெஞ்சு நிறைய காத்த இழுத்து வெச்சுக்கிட்டு விடவே மாட்டேங்கிறீங்க.”

அப்படியும் கால்கள் கொஞ்சம் தொங்கின. பெல்ட்டிலிருந்து ஒரு கட்டியைக் கழற்றி, முதுகுத் தோங்கைச் சுற்றியிருந்த பட்டையில், தோள் உயரத்தில் கோத்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. மோட்டார் சைக்கிளின் பின்னால் பாரம் ஏறி முன் சக்கரம் லேசானால், ஒரு தோங்கை முன்னுக்கு நகர்த்தி வைப்பேன். அதை ஒரு நாளும் நின்று யோசித்ததில்லை. இதற்கு மட்டும் இத்தனை கலவரம்.

முழு தோங் மாட்டி மறுபடி இறங்கினோம். முழங்காலை மடக்கி, காலில் துடுப்பு மாதிரி மாட்டியிருந்த ஃபின்னை மேலே தூக்கினேன். கைகளை முன்னால் கோத்துக்கொண்டேன். மூச்சை இழுத்தால் ஒரு சாண் ஏறினேன், விட்டால் ஒரு சாண் இறங்கினேன். கீழே நீலத் தரை ஓடுகள் அசையாமல் இருந்தன. பிறகுதான் புரிந்தது, அசையாமல் இருந்தது நான். என் வாழ்க்கையில் எதையும் பிடித்துக்கொள்ளாமல் அவ்வளவு நேரம் சும்மா இருந்ததில்லை. கோச் விரலை வளைத்து, சரி என்று வட்டம் காட்டினாள். மனைவி தண்ணீருக்குள் கைதட்டினாள். சத்தம் வரவில்லை என்று தெரிந்தும் தட்டினாள்.

கடலில் ஒரு வேடிக்கை நடந்தது. உப்புத் தண்ணீர் ஆளைக் கூடுதலாகத் தூக்கும் என்று எல்லோருக்குமே கோச் ஈயம் சேர்த்துக் கொடுத்தாள். நான் சேர்த்துக்கொண்டு, படகிலிருந்து இறக்கிய கயிற்றோரமாக, படுத்த மாதிரி இறங்கிவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் மனைவியின் இரண்டு ஃபின்களும் மேலே அடித்துக்கொண்டிருந்தன. ஆமையைப் பார்க்கப்போகும் ஆர்வத்தில் மூச்சை வெளியே விட மறந்திருக்கிறாள். கோச் அவள் ஜாக்கெட் பையில் இன்னும் ஒரு கட்டியைப் போட்டு அனுப்பினாள். என் பக்கத்தில் வந்து சேர்ந்ததும் கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு முறை முறைத்தாள். சிரிக்கக்கூடாது என்கிற முறைப்பு.

ஆமை வந்தது. வீடியோவில் பார்த்ததைவிடப் பெரியது. அதற்கு இடுப்பிலும் ஈயமில்லை, தோளிலும் ஈயமில்லை. நாங்கள் அருகருகே, ஒரே மட்டத்தில், அது போகும்வரை மிதந்துகொண்டிருந்தோம்.

படகில் ஏறியதும் முகக் கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் மனைவி கேட்டாள்.

“பாத்தீங்களா? மொகத்த எப்படித் திருப்புச்சு, பாத்தீங்களா?”

“முகத்த சரியா பாக்கல,” என்றேன். “உன் தோங் மீட்டர்ல எவ்வளவு காத்து காட்டுச்சுன்னு கேளு, சொல்றேன்.”