குடிக்காத மாப்பிள்ளை கலக்கிய ரம்

என் மாமனார் வீட்டில் ரம் கலக்கும் வேலை என் தலையில் விழுந்ததற்கு ஒரே காரணம், எனக்குக் குடிப்பழக்கம் இல்லை என்பதுதான். கேட்பவர்கள் சிரிப்பார்கள். இப்போது நானும் சிரித்துக்கொண்டுதான் சொல்கிறேன். அந்த மூன்று வருடமும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சங்ககிரியில் மாமனாருக்கு நான்கு லாரிகள் ஓடின. எழுபதுகளின் பிற்பகுதி அது. மதுவிலக்கு மறுபடியும் வந்துவிட்டிருந்தது. வெளியே உட்கார்ந்து குடிக்க இடம் கிடையாது. பர்மிட் வைத்திருப்பவர்கள் வாங்கிவந்து வீட்டுக்குள் குடித்துக்கொள்ளலாம். உடம்புக்கு அவசியம் என்று டாக்டரிடம் எழுதி வாங்கி மாமனார் பர்மிட் எடுத்திருந்தார். லாரியில் ஆள் குறைந்தால் நெல் மூட்டையைத் தானே முதுகில் ஏற்றிக்கொள்கிற உடம்பு அது. அதற்கு மருந்து அவசியம் என்று எந்த டாக்டர் நம்பினாரோ தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை பகல் பதினோரு மணிக்கு முன்கூடத்தில் மூன்று பிரம்பு நாற்காலிகள் போடப்படும். ஒன்றில் மாமனார். இன்னொன்றில் அவருடைய தம்பி. மூன்றாவதில் என் மனைவியின் தாய்மாமன். அடுப்பில் கறி வேகிற வாசனை வரும்போது முதல் கிளாஸ் ஆரம்பமாகும். இலை போடும்வரை ஓடும். நான் அந்த வீட்டுக்குப் போவதற்கு முன்பு ஒரு டிரைவர்தான் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் உள்ளே போய்த் தன் பங்கைக் குடித்துவிட்டு, குறைந்த அளவுக்குத் தண்ணீர் சேர்த்துக்கொண்டு வருவது தெரிந்ததும் அன்றைக்கே சீட்டைக் கிழித்துவிட்டார் மாமனார். அப்புறம் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். கல்யாணமாகி ஒரு மாதம் ஆன நான் அகப்பட்டேன்.

"மாப்பிள்ளை, இனிமே நீங்க ஊத்துங்க. குடிக்காத ஆளு கையிலதானுங்க அளவு சரியா இருக்கும்" என்றார்.

நான் வீட்டோடு மாப்பிள்ளை. மல்லசமுத்திரத்தில் அப்பா விட்டுப்போன வானம் பார்த்த பூமி கொஞ்சமும், சூரமங்கலத்தில் ரயில்வே ஆபீஸ் குமாஸ்தா வேலையும்தான் என் சொத்து. அவருக்கோ ஒரே பெண். மனைவி போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. பெண்ணைக் கண்ணெதிரே வைத்துக்கொள்ள வேண்டும், அதற்கு வாயில்லாத ஒரு மாப்பிள்ளை வேண்டும். என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணத்தையும் அவர் அடிக்கடி சொல்வார். எனக்கு முன்னால் பார்த்த பையன் வசதியான வீடாம். பெண் பார்க்க வந்தபோது வாயில் நாற்றம் அடித்ததாம். "வாசப்படியில வெச்சே திருப்பி அனுப்பிச்சனுங்க. இந்த ஊட்ல குடிக்கிற மாப்பிள்ளைக்கு இடமில்லை" என்று கையில் கிளாஸை வைத்துக்கொண்டு சொல்வார்.

எனக்கு ரம் வாடை ஆகாது. வெல்லப்பாகு கெட்டுப்போனால் அடிக்குமே, அந்த வாடை. பாட்டிலைத் திறந்தாலே குமட்டும். குளிர்காலத்தில் ஒரு நாள் ஜங்ஷன் பக்கத்தில் ஏற்காட்டு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்திருந்தேன். வாடையை மறைக்க ஏதாவது செய்யலாமே என்று அதன் தோலைச் சீவிப் பாட்டிலுக்குள் போட்டுவைத்தேன். என் மூக்குக்காகச் செய்ததுதான். அது என் கழுத்துக்கே சுருக்காகும் என்று அப்போது தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமனார் ஒரு வாய் குடித்துவிட்டு கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். "என்னமோ பண்ணியிருக்காரு என்ற மருமவன்" என்றார். தாய்மாமன் இரண்டாவது கிளாஸை அவசரப்பட்டுக் கேட்டார்.

அதிலிருந்து அது என் கைவேலை ஆகிவிட்டது. நான் படித்துக்கொண்டவற்றைச் சொல்கிறேன். தோலுக்கு அடியில் இருக்கும் வெள்ளையை ஒட்டச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். அது இருந்தால் கசக்கும். மஞ்சள் மேல்தோல் மட்டும் மூன்று நாள் இருட்டில் ஊற வேண்டும். நான்காம் நாள் எடுத்துவிட வேண்டும். கிளாஸில் இரண்டு விரல் உயரம் ரம், ஒரு கரண்டி கற்கண்டுப் பாகு, அரை மூடி எலுமிச்சை. கோலி சோடாவைக் கிளாஸ் விளிம்போடு சரியவிட வேண்டும். மேலேயிருந்து ஊற்றினால் காற்றெல்லாம் போய்விடும். வெயில் காலத்தில் ஈரோட்டிலிருந்து திரும்பும் லாரியில் மரத்தூளுக்குள் புதைத்த ஐஸ்கட்டி வரும். ஆரஞ்சு இல்லாத மாதங்களில் நார்த்தங்காய். ஒரு சொட்டுகூட நான் வாயில் வைத்ததில்லை. மூக்காலும் மாமனாரின் புருவத்தாலும்தான் பதம் பார்ப்பேன். புருவம் ஏறினால் சரி. ஏறாவிட்டால் பாகு பத்தவில்லை.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அது பெருமையாகவும் இருந்தது. ஆபீஸில் என்னைக் கண்டால் பைலை நீட்டுவார்கள், அவ்வளவுதான். லாரி ஷெட்டில் எனக்கு ஒன்றும் தெரியாது. அந்த வீட்டில் நான் நன்றாகச் செய்கிறேன் என்று யாராவது சொன்ன ஒரே காரியம் இதுதான். மூன்று பேரும் உட்கார்ந்திருக்க நான் தட்டோடு நின்றுகொண்டிருப்பேன், கிளாஸ் காலியாகிறதா என்று பார்த்துக்கொண்டு. பாராட்டும்போது கால் வலி மறந்துபோகும்.

மூன்றாவது வருடம் எனக்கு ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரு வீடு ஒதுக்கி ஆர்டர் வந்தது. பதினைந்து நாளுக்குள் எழுதிக்கொடுத்துச் சாவி வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். மறுபடி எப்போது முறை வரும் என்று சொல்ல முடியாது. புடவை எடுக்கப் போவதாகச் சொல்லி மனைவியைக் காலைப் பாசஞ்சரில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, பின்னால் ஒரு துணி துவைக்கும் கல். அவள் நேராகச் சமையல்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்தாள்.

"தண்ணி வருதுங்க" என்றாள்.

அப்புறம் ஜன்னலை விரலால் சாண் போட்டு அளந்தாள். அடுப்பு எங்கே, அரிசிப் பானை எங்கே என்று சொல்லிக்கொண்டே தரையில் காலால் கோடு போட்டாள். அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. அம்மா போன நாளிலிருந்து பதினாலு வயதில் கரண்டியைப் பிடித்தவள். டிரைவர், கிளீனர், வருகிற போகிற சொந்தம் எல்லோருக்கும் பொங்கிப் போட்டே வளர்ந்தவள். திரும்பி வருகையில் ரயிலில் சொன்னாள், "ரெண்டு பேருக்குச் சோறாக்குனா எவ்வளவு அரிசி போடோணும்னே எனக்குத் தெரியாதுங்க. அதைக் கத்துக்கோணும்."

அவளுடைய அப்பாவிடம் நான்தான் கேட்க வேண்டும் என்று முடிவாயிற்று. அவள் கேட்டால் அவர் அழுதுவிடுவார். அவர் அழுதால் இவள் இருந்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது கிளாஸ் முடியும்போது கேட்பது என்று திட்டம். நல்ல மனசில் இருக்கும்போது மறுக்கமாட்டார் அல்லவா. அந்த வாரம் என் வாழ்க்கையிலேயே அருமையாகக் கலக்கினேன். புளியம்பட்டிப் பக்கம் போன லாரியில் புதுக் கற்கண்டு சொல்லிவிட்டு வாங்கினேன். மாமனாரின் புருவம் முதல் வாயிலேயே ஏறிவிட்டது. ஆர்டர் என் சட்டைப்பையில் இருந்தது. மனைவி கதவோரம் வந்து நின்றுகொண்டாள்.

நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் தாய்மாமன் கிளாஸைத் தூக்கிக் காட்டி, "மச்சான், இவரை மட்டும் எங்கயும் உட்டுறாதீங்க. இந்தக் கை போயிருச்சுன்னா நம்ம ஞாயித்துக்கிழமையே போச்சு" என்றார்.

"அவரு எங்கீங்க போறாரு" என்றார் மாமனார். "நான் கண்ணை மூடுற வரைக்கும் அவரு இங்கதான். ஏனுங்க மாப்பிள்ளை?"

"ஆமாங்க மாமா" என்றேன்.  கதவோரம் பார்த்தேன். அவள் உள்ளே போயிருந்தாள்.

மறுநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது பின்கட்டுக்கு வந்து தாழ்ந்த குரலில் பிடித்துக்கொண்டாள். "நல்லாக் கலக்குனா உடுவாங்கன்னு எந்தக் கூமுட்டைங்க சொன்னது? நல்லா இருக்கறதுனாலதானே உட மாட்டேங்கறாங்க."

சொன்னது நான்தான் என்பது அவளுக்குத் தெரியும். எனக்குக் கோபம் வந்தது, அவள் சொன்னது சரி என்பதால். அந்த வாரம் தோலை வெள்ளையோடு போட்டேன். மூன்று நாளில் எடுக்காமல் அப்படியே விட்டேன். பாகைக் குறைத்தேன். வேப்பங்கொழுந்து போலக் கசந்திருக்க வேண்டும்.

அது இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. செவ்வாய்க்கிழமையோடு கெடு முடிகிறது. வீட்டுக்குச் சம்மதம் எழுதிய கடிதத்தையும் ஆர்டரையும் சேர்த்து மடித்துப் பையில் வைத்திருந்தேன். முதல் வாய் குடித்துவிட்டு மூன்று பேரும் முகத்தைச் சுளித்தார்கள்.  மாமனார் நாக்கைச் சப்புக்கொட்டினார். "கசக்குது" என்றார். இன்னொரு வாய் குடித்தார். "ஆனா தொண்டைக்கு எதமா இருக்குது. சளிக்கு நல்லதுங்க இது."

சின்ன மாமனாரும் ஆமாம் போட்டார். தாய்மாமன் இந்த மாதிரியே ஒரு பாட்டில் தன் வீட்டுக்கும் வேண்டும் என்றார்.

தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த வீட்டில் நான் எதைச் செய்தாலும் அது என் காலில் இன்னொரு கட்டாக விழுகிறது என்று தோன்றியது. நல்லது செய்தாலும் அப்படி, கெட்டது செய்தாலும் அப்படி.  மனைவி கதவோரம் நின்று, கேளுங்க என்பதுபோல முகவாயை அசைத்தாள். கேட்டிருக்கலாம். மாமா, குவார்ட்டர்ஸ் வந்திருக்குது, நாங்க போறோம். மொத்தம் ஐந்து வார்த்தை. என் வாயில் அந்த ஐந்தும் வரவில்லை. அதற்குப் பதிலாக எனக்கு வேறொன்று தோன்றியது. குடிக்கிற மாப்பிள்ளைக்கு இந்த வீட்டில் இடமில்லை என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். வாசல்படியில் வைத்தே ஒருவனைத் திருப்பி அனுப்பியவர். டிரைவரை ஒரே நாளில் அனுப்பியவர். அவரே என்னைத் துரத்திவிட்டால் நான் கேட்கவே வேண்டியதில்லை.

கேட்கத் துணிச்சல் இல்லாதவனுக்குத்தான் இப்படியெல்லாம் புத்தி போகும். தட்டைக் கீழே வைத்தேன். காலி கிளாஸ் ஒன்றில் பாதிக்கு மேல் ஊற்றினேன். சோடாவும் இல்லை, எலுமிச்சையும் இல்லை. மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்க, நின்றபடியே குடித்தேன். தொண்டையிலிருந்து அடிவயிறுவரை எரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் கைப்பக்குவம் என்ன ருசி என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. சகிக்கவில்லை.

 மாமனார் எழுந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன், அதற்கும் தயாராகத்தான் நின்றேன்.

அவர் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"மூணு வருசமா வேத்தாளாட்டவே நின்னுக்கிட்டு இருந்தீங்களே மாப்பிள்ளை" என்றார். குரல் உடைந்திருந்தது. "இந்த மனுசன் நம்மகூட ஒட்டவே மாட்டாரோன்னு எனக்கு எத்தனை வெசனம் தெரியுமுங்களா. பொண்ணைக் கூட்டிக்கிட்டு எந்நேரம் போயிருவீங்களோன்னு பயந்துக்கிட்டே கெடந்தனுங்க. உக்காருங்க, உக்காருங்க." தம்பியை அனுப்பி உள்ளேயிருந்து நான்காவது நாற்காலியைக் கொண்டுவரச் சொன்னார். என் தோளை அழுத்தி உட்காரவைத்தார். தாய்மாமன் என் முதுகில் தட்டினார்.

அப்புறம் கதவைப் பார்த்து மகளைக் கூப்பிட்டார். "சாமி, இங்க வா. உன்ற ஊட்டுக்காரரு இனிமே எங்ககூட உக்காந்துக்குவாரு. எல்லாரும் நம்ம ஆளுங்கதானே, நீயே கலக்கிக் குடு. எப்படின்னு அவரு சொல்லுவாரு."

அவள் வந்தாள். கையில் மாவு ஒட்டியிருந்தது, முந்தானையில் துடைத்துக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். கடிதம் இன்னும் என் பையில்தான் இருக்கிறது, செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது, இப்போதாவது சொல்வேனா என்று காத்திருந்தாள். கொஞ்ச நேரம்தான் காத்திருந்தாள். நான் சொல்லவில்லை. அவள் தட்டுக்கு முன்னால் போய் நின்றாள், நான் நிற்கிற இடத்தில்.

"எவ்வளவுங்க ஊத்தோணும்?" என்று கேட்டாள்.

"ரெண்டு விரல்" என்றேன்.

அவள் அளந்து ஊற்றினாள். சோடாவை மேலேயிருந்து ஊற்றினாள், காற்றெல்லாம் போய்விட்டது. அப்பாவுக்குக் கொடுத்தாள். சித்தப்பாவுக்கும் தாய்மாமனுக்கும் கொடுத்தாள். கடைசியாக என்னிடம் நீட்டினாள். முகத்தைப் பார்க்கவில்லை.

வாங்கிக்கொண்டேன். பிரம்பு நாற்காலி முதுகுக்கு இதமாக இருந்தது. மின்விசிறிக் காற்று நேராக நெற்றியில் பட்டது. இதை அவளிடம் இதுவரை நான் சொன்னதில்லை. மூன்று வருடம் கால்கடுக்க நின்றவனுக்கு அந்த நாற்காலி பிடித்திருந்தது. ஒரு வாய் குடித்தேன்.

"எலுமிச்சை கொஞ்சம் தூக்கலா இருக்குது" என்றேன்.

"அடுத்த வாரம் கொறச்சுக்கறனுங்க" என்றாள்.