அவன் இங்கே இல்லை

என் தம்பி இரண்டு பேரைக் கொன்றான். அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. கீழ்க்கோர்ட் தூக்கு கொடுத்தது. ஹைகோர்ட் உறுதி செய்தால்தான் தூக்கு செல்லும் என்பதால் வழக்கு தானாகவே மேலே போனது.

இந்த வழக்குக்கென்றே அரசாங்கம் ஒரு தனி வக்கீலை வைத்துச் சம்பளம் கொடுத்தது. அவருக்கு உதவியாக இரண்டு ஜூனியர்கள். சாட்சிகளைப் போலீஸ் வண்டியிலேயே கூட்டி வந்தார்கள். எங்களுக்கு இலவச சட்ட உதவி வக்கீல் ஒருவர். நல்ல மனிதர்.

"தூக்கா ஆயுளான்னு முடிவு பண்ண, அவன் வளர்ந்த விதம், குடும்பம், திருந்துவானா, எல்லாத்தையும் அரசாங்கமே விசாரிச்சு ரிப்போர்ட் தரணும். ஆள் வருவாங்க" என்றார்.

"எத்தினி பேரு சார்?"

"ஒருத்தர்."

அந்த ஒருத்தர் கொருக்குப்பேட்டைக்கு வந்த அன்று நான் திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் வேலையில் இருந்தேன். வீட்டில் அம்மா மட்டும்.

எங்கள் தெருவில் யாராவது நோட்டோடு வந்து ஓர் ஆம்பளை பெயரைச் சொல்லிக் கேட்டால் பதில் ஒன்றுதான். அவன் இங்கே இல்லை, எங்களுக்கும் அவனுக்கும் ஒட்டு உறவு இல்லை. போலீசுக்கும் அதுதான், தவணைக்காரனுக்கும் அதுதான். அப்பாவுக்காக நானே சின்ன வயதில் சொல்லியிருக்கிறேன்.

சாயங்காலம் அம்மா பெருமையாகச் சொன்னாள். "ஒரு பொம்பள நோட்டு எடுத்துகினு வந்துச்சு. அவன் வூட்டுப் பக்கம் வந்தே பல வருசம் ஆவுதுன்னு அனுப்ச்சி வுட்டேன்."

"யாருன்னு கேட்டியா?"

"நன்னடத்தை ஆபீசருன்னுச்சு. மஃப்டி போலீசு இன்னா வேணா சொல்லும்."

ரிப்போர்ட்டில் எங்களைப் பற்றி ஒரே வரி. குடும்பத்தார் கைவிட்டுவிட்டனர். பெற்றவளே வேண்டாம் என்றவன் எங்கே திருந்துவான் என்று அரசு வக்கீல் கேட்பார் என்றார் எங்கள் வக்கீல்.

லீவு போட்டுவிட்டு அந்த அதிகாரியின் ஆபீசுக்குச் சண்டை போடத்தான் போனேன்.

"எங்கம்மா பொய் சொல்லிச்சு மேடம். பக்கத்து வூட்லயாச்சும் கேட்டீங்களா? ஒரு உசுரு விஷயம். ஒரு தாள்ல முடிச்சிட்டீங்க."

"மூணு தாலுக்காவுக்கு நான் ஒருத்திதாம்மா. இன்னும் நாலு கேஸ் எழுதணும்."

மேசையில் கட்டுக் கட்டாகக் கிடந்தது. கொல்லச் சொல்லிக் கேட்பதற்கு ஒரு படை, கொல்லலாமா என்று பார்ப்பதற்கு இந்த ஒரு பொம்பளை. இவரிடம் கத்தி என்ன ஆகப்போகிறது? எங்கள் வக்கீல் மனு போட்டார். மறுபடி விசாரிக்க கோர்ட் அனுமதித்தது.

இரண்டாம் முறை நான் வீட்டில் இருந்தேன். முதல் கேள்விக்கே அம்மாவின் வாய் பழைய பதிலுக்குத்தான் போனது. "அவன் இங்க..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

"எம்புள்ளதாம்மா. ஜெயிலுக்குப் போய்ப் பாத்துகினுதான் கீறேன்."

அதிகாரி ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து எழுதினார். பக்கத்து வீட்டிலும் கேட்டார். ஹைகோர்ட் இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை. அவன் கழுத்து இன்னும் அந்தத் தாளில்தான் இருக்கிறது. அன்று அதிகாரி கிளம்பும்போது அம்மா அவரை நிறுத்தினாள்.

"நீ இன்னா எழுதினேன்னு படிச்சிக் காட்டும்மா."

"தாய் வாரந்தோறும் சிறைக்குச் சென்று மகனைப் பார்த்து வருகிறார்..."

"வாரா வாரம் இல்ல. பதினஞ்சு நாளைக்கு ஒருதபா. சரியா எழுதும்மா."

அவர் அடித்துவிட்டுத் திருத்தி எழுதினார்.