பின்பக்கம் பார்த்த இருக்கை

வேலை முடிந்து, கால் கடுக்க குரோருட் போகும் ரயிலில் ஏறிய ஒரு மாலையில்தான் அவரைச் சந்தித்தேன். ஐம்பது வயது இருக்கும். காற்றில் காய்ந்த முகம், வெளிறிய மஞ்சள் மழைச்சட்டை, இடப்பக்கமாக இறுகிப்போன கழுத்து. முன்பக்கம் பார்த்த இருக்கைகள் காலியாகக் கிடந்தும், ரயில் போகும் திசைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்.

தமிழ் முகம் என்று கண்டு, "தலை சுத்தேல்லையோ அக்கா?" என்று கேட்டேன்.

"பழகிப்போச்சு பிள்ளை. இதுதான் என்ரை வேலையும்."

அடைகாக்கும் பெட்டியில் வைத்துப் பொரித்த காட்டுவாத்துக் குஞ்சுகளுக்கு, குளிருக்கு முன் தெற்கே போக வழிகாட்டத் தாய் இல்லையாம். அதனால் மோட்டார் பூட்டிய சின்ன விமானம் ஒன்று முன்னே பறக்கும். வளர்த்தவர் இவர் என்பதால் இவர் குரலுக்குத்தான் அவை பின்தொடரும். விமானிக்குப் பின்னால் இருந்து, நாள் முழுக்கத் திரும்பிப் பார்த்துக் கூப்பிடவேண்டும், எண்ணவேண்டும்.

"எல்லாம் போய்ச் சேந்ததோ அக்கா?"

"வெளிக்கிடேக்கை பன்னிரண்டு. கடலுக்கு மேலை, தண்ணிப் போத்தில் எடுக்க ஒருக்காக் குனிஞ்சனான். நிமிந்து எண்ணினால் பதினொண்டு." கண்ணை மூடிக்கொண்டார். "ஒரு வாய் தண்ணி, பிள்ளை."

அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

குரோருட்டில் இருவரும் இறங்கினோம். முன்னே நடந்தவர், பத்தடிக்கு ஒருமுறை அந்த நோகும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். எனக்கு அடியெடுத்து வைக்கவும் தெம்பில்லை. ஆனாலும் அவர் கண்ணில் படும்படி எட்டி நடந்தேன்.