பழைய டிராக்டருக்குப் புது ஆயில்

வேடியப்பன் இளந்தாரியாக மலையிறங்கிப் போளூர் ரைஸ்மில்லில் சேர்ந்து, நரை தட்டும்வரை அங்கே டிராக்டர் ஓட்டினான். முதலாளி புது வண்டி எடுத்தபோது பழையதை அவனிடமே கொடுத்துவிட்டார். 1978-ஆம் வருஷம், ஆனி பிறந்ததும், அதை ஓட்டிக்கொண்டு சொந்த ஊரான புதூர்நாட்டுக்கு வந்து சேர்ந்தான்.

மில்லில் அந்த வண்டிக்குக் கிடைத்ததெல்லாம் சாதா ஆயில்தான். அது அவனுக்கு வெகுநாள் மனக்குறை. திருப்பத்தூர் போய், புது லாரிகளுக்கு ஊற்றும் உயர்ந்த ஆயிலை வாங்கிவந்தான். பழசை வடித்துவிட்டு அதை ஊற்றினான்.

"வண்டிக்கு இன்னா, விருந்தா?" என்றாள் அவன் மனைவி அம்சவல்லி.

"இத்தினி வருஷம் ஒழச்சிருக்கு இல்ல?" என்று சிரித்தான்.

முதல் உழவு பக்கத்து வீட்டு மங்கம்மாளுக்கு. அவளிடம் ஏர்மாடு கிடையாது. ஊரார் உழுது முடித்த பிறகுதான் அவள் நிலத்துக்கு மாடு வரும். அதற்குள் ஈரம் காய்ந்துவிடும். இந்த வருஷம் அவள் சாமை விதையை முன்கூட்டியே புடைத்து வைத்திருந்தாள்.

மறுநாள் அவள் நிலத்தை உழும்போது ஆயில் மீட்டர் முள் இறங்கத் தொடங்கியது. வேடியப்பன் பார்த்தான். மீட்டர் பழசு, கோளாறு அதில்தான் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான். பாதி நிலம் முடிந்தபோது இன்ஜின் அடியில் டக்டக்கென்று தட்டும் சத்தம் கேட்டது. சட்டென்று நிறுத்தினான். கீழே இறங்கவே அவனுக்கு மனசு வரவில்லை.

மங்கம்மாள் களியும் கீரையும் கொண்டுவந்தாள்.

"பாதியில வுட்டுட்டேன்கா."

"போன வருஷம் இந்நேரம் ஒரு சாலு கூட ஓட்டல. மொதல்ல சாப்புடு."

திருப்பத்தூர் மெக்கானிக் தங்கவேல் ஜீப் பிடித்து வந்தார். இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சட்டியைக் கழற்றினார்கள். ஆயிலை உறிஞ்சும் சல்லடையில் தார் போல அழுக்கு அப்பிக் கிடந்தது. ஆயில் மேலே ஏற வழியில்லாமல் பேரிங் தேய்ந்துபோயிருந்தது.

"ஆயில் நல்ல ஆயில்தான். அழுக்கக் கழுவுற ஆயிலு. இத்தினி வருஷத்து அழுக்கு மொத்தமா பேந்து வந்து அடச்சிக்கிச்சு," என்றார் தங்கவேல்.

"அப்ப பழையபடி சாதா ஆயிலே ஊத்திடட்டுங்களா?"

"ஊத்தலாம். ஆனா இப்பதான் தொறந்துட்டமே. கிருஷ்ணாயில் போட்டு சுத்தமா கழுவிட்டா இதையே ஊத்தலாம். கெட்டியானது வேணாம், மலைக் குளிருல காலையில இன்ஜின் சுத்தாது. கியர் பெட்டிக்குத் தனி ஆயிலு, கெட்டியா. ரெண்டையும் கலந்துடாத."

மதியம் முழுக்க வேடியப்பனும் அம்சவல்லியும் உட்கார்ந்து ஒவ்வொரு பாகமாகத் தேய்த்துக் கழுவினார்கள்.

"ஆயிலு தெரியாம ஊத்துனது. முள்ளு எறங்குனத பாத்துங்கூட ஓட்டுனனே, அதான் ஆறல," என்றான்.

அம்சவல்லி அவன் கையிலிருந்த கரி படிந்த துணியை வாங்கி வைத்துவிட்டு வேறு துணி கொடுத்தாள்.

புது பேரிங் வர நாளாகும் என்றார்கள். மழை காத்திருக்காது. வேடியப்பன், ஊரில் ஏர்மாடு வைத்திருந்த குப்பனிடம் மாடு கேட்டு வாங்கி, மங்கம்மாளின் மீதி நிலத்தைத் தானே உழுதான். ஏர் பிடித்து மறந்துபோன கையில் கொப்புளம் கிளம்பியது. சால் கோணல்மாணலாகப் போனது. மங்கம்மாள் அதன்மேலேயே சாமையைத் தூவினாள். மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது.

ஆவணியில் பேரிங் மாட்டி, ஆயில் ஊற்றி வண்டியைக் கிளப்பினான். முள் ஏறி நின்றது. அது நடுங்காமல் நிற்கிறதா என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் கியரைப் போட்டான்.